ஆர்எக்ஸ் 100 என்ஜினை வீட்டிலேயே பிரிக்கலாமா?

கேள்வி: அண்ணா, வணக்கமுங்க. காங்கேயத்துக்குப் பக்கம் எங்கள் ஊர். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அப்பா 1993-இல் வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100, தோட்டத்துச் சாளையில் 7 வருஷமாக நிற்கிறது. நிறுத்துவதற்கு முன்னால் வெள்ளைப் புகை நிறைய வந்தது. அப்புறம் ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் இறங்காமல் கத்த ஆரம்பித்தது. ஒருநாள் ஊத்துக்குளி ரோட்டில் போகும்போது பட்டென்று பின்சக்கரம் பிடித்து நின்றுவிட்டது. பிளாக் பிஸ்டன் போய்விட்டது, போர் போட்டு பிஸ்டன் மாற்றினால் போதும் என்றார் மெக்கானிக். அப்போது கையில் பணமில்லாமல் அப்பா அப்படியே விட்டுவிட்டார். இப்போது நானே பிரித்துச் செய்யலாம் என்று இருக்கிறேன். தோட்டத்து மோனோபிளாக் பம்புக்கு பேரிங், சீல் எல்லாம் நானே மாற்றுவேன். வண்டி என்ஜின் பிரித்ததில்லை. முடியுமா? என்ன சாமான் வேண்டும்? எவ்வளவு ஆகும்? சரியானதும் நண்பனோடு வால்பாறை போக ஆசை.

பதில்: முடியும் தம்பி. முதல் தடவை என்ஜின் பிரிக்கிறவருக்கு ஆர்எக்ஸ் 100 நல்ல வண்டி. 98 சி.சி., ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக். ஃபோர்-ஸ்ட்ரோக் மாதிரி ஹெட்டில் வால்வு, கேம், டைமிங் செயின் என்று எதுவும் கிடையாது. ஃபிரேமிலிருந்து இறக்கினால் ஒரே ஆள் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். மோனோபிளாக்கில் பேரிங் இழுத்துப் பழகிய கை என்றால் ஸ்பேனர் வேலை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை.

எனக்குக் கவலை தருவது மெக்கானிக் சொன்ன அந்த "போதும்". போர் போட்டு, அதாவது பிளாக் என்கிற சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து, பிஸ்டன் மட்டும் மாற்றியிருந்தால், ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளில் புது பிஸ்டனும் அதே மாதிரி பிடித்திருக்கும். பிஸ்டன் பிடித்ததற்குக் காரணம் பெரும்பாலும் பிளாக்கில் இல்லை, கீழே கிராங்க்கேஸில் (கிராங்க் சுழலும் பெட்டியில்) இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு அறிகுறிகளும் அங்கேதான் கை காட்டுகின்றன.

டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் கிராங்க்கேஸும் ஒரு பம்புதான். பிஸ்டன் மேலே போகும்போது கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் காற்றை ரீட் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மெல்லிய தகடு) வழியாகக் கிராங்க்கேஸுக்குள் இழுக்கும். கீழே வரும்போது அதை அமுக்கி மேலே அனுப்பும். அதனால் கிராங்க்கேஸில் எங்கேயும் காற்று கசியக் கூடாது. கிராங்கின் இரண்டு முனையும் வெளியே வரும் இடத்தில் ஆளுக்கொரு ஆயில் சீல் காவலுக்கு இருக்கிறது. வலது பக்க சீலுக்கு அந்தப்புறம் கிளட்ச், கியர் ஆயில். இடது பக்க சீலுக்கு அந்தப்புறம் மேக்னெட் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பகுதி), வெறும் காற்று. வலது சீல் போனால் என்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். வெள்ளைப் புகை வரும், கியர் ஆயில் குறைந்துகொண்டே போகும். இடது சீல் போனால் கணக்கில் வராத காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறையும், ரேஸ் இறங்காமல் கத்தும், சூடு ஏறும். பெட்ரோலோடு சேர்ந்து போகிற ஆயிலும் அந்தக் காற்றுக்குப் போதாது. பிஸ்டன் சூட்டில் விரிந்து பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் வண்டியில் முதலில் வலது, அப்புறம் இடது என்று இரண்டு சீலும் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

நினைப்பது போதாது, பார்த்துவிட வேண்டும். அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்யுங்கள். இதற்குத் தேவையானது பி.பி. பார்க்கும் பழைய கருவி ஒன்று. கையால் அமுக்கும் பல்பும் முள் ஓடும் மீட்டரும் உள்ள வகை வேண்டும், பேட்டரியில் ஓடுவது ஆகாது. சைலன்சரைக் கழற்றி, எக்ஸாஸ்ட் வாயைப் பழைய டியூப் ரப்பரும் ஒரு தகடும் வைத்து போல்ட்டால் இறுக்கி அடையுங்கள். கார்புரேட்டரை எடுத்துவிட்டு இன்லெட் ரப்பருக்குள் ஒரு மரக்கட்டையைச் செருகி கிளாம்ப் போடுங்கள். கட்டையின் நடுவில் துளையிட்டு பி.பி. கருவியின் ரப்பர் குழாயைக் காற்று கசியாமல் நுழைத்துவிடுங்கள். பிளக் அதன் இடத்திலேயே இருக்கட்டும். ஆயில் பம்பிலிருந்து வரும் சின்னக் குழாய் இன்லெட் பக்கம் எங்காவது சேர்ந்தால் அதையும் அடையுங்கள்.

இப்போது பல்பை அமுக்கி முள்ளை 250-இலிருந்து 300-க்குள் கொண்டுவாருங்கள். 300 என்பது சுமார் 6 பி.எஸ்.ஐ., டூ-ஸ்ட்ரோக்குக்கு இதற்கு மேல் ஏற்ற வேண்டாம், சீல் பிதுங்கிவிடும். நல்ல என்ஜின் என்றால் ஐந்து நிமிடம் கழித்தும் முள் அநேகமாக அங்கேயே நிற்கும். உங்களுடையது நிற்காது. சோப்பு நுரையை ஹெட் பேக்கிங், பிளாக்கின் அடிப் பேக்கிங், இன்லெட் ரப்பர் என்று தடவிக்கொண்டே வாருங்கள். மேக்னெட் மூடியைத் திறந்து உள்ளேயும் தெளியுங்கள். அங்கே குமிழி வந்தால் இடது சீல். கியர் ஆயில் ஊற்றும் துளையில் காது வைத்துக் கேளுங்கள். உள்ளிருந்து காற்றுச் சத்தம் வந்தால் வலது சீல்.

எப்படியும் சீலை மாற்றத்தானே போகிறோம், எதற்கு இவ்வளவு பாடு என்று தோன்றும். கசிவு சீலில் மட்டும்தான் இருக்கும் என்று யார் சொன்னது? இன்லெட் ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். அதைப் பார்க்காமல் விட்டால் புது சீல் போட்டும் பழைய கதைதான். இதே பரிசோதனையை என்ஜின் மாட்டி முடித்ததும் ஒரு தடவை செய்ய வேண்டும். முள் நிற்காத வரைக்கும் கிக்கரை மிதிக்கக் கூடாது.

நம் பக்கம் வண்டி பிரிக்க ஆசைப்படுகிற பையன்களிடம் யாராவது ஒருத்தர் ஜி.டி. நாயுடு கதையைச் சொல்லியிருப்பார். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோவை ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் அதையே வாங்கி, பிரித்துப் பிரித்து மாட்டிக் கற்றுக்கொண்டார் கலங்கல் கிராமத்துப் பையன். நல்ல கதைதான். ஆனால் உங்களுக்குக் கற்பது மட்டும் நோக்கமில்லை, வால்பாறை ஏறிவிட்டு வீடு திரும்பவும் வேண்டும். அதனால் பிரிக்கிற ஆசையைக் கொஞ்சம் கட்டிவைத்து, அளக்கிற வேலைக்கு நேரம் கொடுங்கள்.

எப்போது பிரிப்பது என்பதும் முக்கியம். ஆடிக் காற்று அடிக்கிற நாளில் வேண்டவே வேண்டாம். பல்லடம், உடுமலை காற்றாலையெல்லாம் சுற்றுகிற காற்று உங்கள் சாளைக்கும் வரும், மண்ணோடு வரும். திறந்த கிராங்க்கேஸில் விழுந்த மணல் பேரிங்கைத் தின்றுவிடும். கதவைச் சாத்த முடிகிற அறையில், மேசை மேல் பழைய வேட்டி விரித்துச் செய்யுங்கள். கழுவுவதற்கு டீசல் அல்லது மண்ணெண்ணெய் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய அறையில் பெட்ரோலில் கழுவுவது உயிருக்கு உலை. கழுவிய எண்ணெயை வாய்க்காலில் கொட்டாமல் கேனில் பிடித்து ஆயில் வாங்குகிற பழைய சாமான் கடையில் கொடுத்துவிடுங்கள்.

சாமான் அதிகம் வேண்டாம். 8, 10, 12, 14 டி-ஸ்பேனரும் ரிங் ஸ்பேனரும் வீட்டில் இருக்கும். வாங்க வேண்டியது இவை: சுத்தியலால் தட்டினால் திரும்புகிற இம்பாக்ட் ஸ்க்ரூடிரைவர், ஆர்எக்ஸ் மேக்னெட் புல்லர், கிளட்ச் சென்டரைப் பிடித்துக்கொள்ளும் ஹோல்டர், ஃபீலர் கேஜ். டார்க் ரென்ச் யாரிடமாவது இரவல் வாங்கலாம். இம்பாக்ட் டிரைவரை மட்டும் தவிர்க்க நினைக்காதீர்கள். முப்பது வருஷமாக இறுகிய சைடு கவர் ஸ்க்ரூக்களைச் சாதாரண ஸ்க்ரூடிரைவரால் திருகினால் தலை மழுங்கிவிடும். அப்புறம் டிரில் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். மேக்னெட்டுக்குப் புல்லர் இல்லாமல் பின்னால் ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்புவதும் அந்த ரகம்தான். சின்னச் சாமான்களை வரிசையாக வைக்க முட்டை அட்டை இருக்கிறது. நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்குப் பஞ்சமா? ஒவ்வொன்றையும் கழற்றும் முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் போனில் எடுத்துவிடுங்கள். மேக்னெட் பிளேட் எந்த இடத்தில் நின்றது என்று சின்னக் கோடு போட்டுவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

பிடித்துக்கொண்ட பிஸ்டனை விடுவிக்க பிளக் துளை வழியே டீசலும் ஆயிலும் கலந்து ஊற்றி ஒருநாள் ஊறவிடுங்கள். கிக்கர் மேல் ஏறி நிற்காதீர்கள். ஹெட்டை எடுத்தபின் பிளாக்கை ரப்பர் சுத்தியலால் சுற்றிலும் மெதுவாகத் தட்டித் தட்டி உயர்த்தினால் வந்துவிடும். ஃபின்னில் அடித்தால் உடையும். பிளாக் கொஞ்சம் உயர்ந்ததும் கிராங்க்கேஸ் வாயில் துணி அடைத்துவிடுங்கள். உடைந்த ரிங் துண்டோ பின் லாக்கோ உள்ளே விழுந்தால் வேலை இரட்டிப்பாகும்.

பழைய பிஸ்டனைத் தூக்கிப் போடாதீர்கள். அதை உட்கார்ந்து பாருங்கள். சுற்றிலும் நாலு பக்கமும் தேய்ந்திருந்தால் சூட்டில் விரிந்து பிடித்தது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் என்றால் கலவை மெலிந்தது அல்லது ஆயில் போதவில்லை. இன்லெட் பக்கம் பாவாடையில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதியில்) கீறல் கீறலாக இருந்தால் ஏர் ஃபில்டர் வழியே மண் போயிருக்கிறது. ஆர்எக்ஸ் ஏர் ஃபில்டரில் இருப்பது ஸ்பாஞ்ச். இத்தனை வருஷத்தில் அது தொட்டால் உதிரும், புதிது வாங்கித்தான் ஆக வேண்டும்.

அடுத்து கான்ராடு, பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு. மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கையில் துளி ஆட்டம் தெரிந்தாலும் ராடு கிட் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இருக்க வேண்டிய ஆட்டம்தான், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். உங்கள் வண்டியில் ஆட்டம் இல்லாவிட்டாலும் கேஸைப் பிரிக்கத்தான் சொல்வேன். பிஸ்டன் பிடித்தபோது உதிர்ந்த அலுமினியத் தூள் கீழே பிக்-எண்ட் (கான்ராடின் அடிமுனை) பேரிங்குக்குள் போயிருக்கும். அதோடு 7 வருஷம் நின்ற வண்டியில் கிராங்க் பேரிங் குண்டுகளில் துரு ஏறாமல் இருக்காது. புது பிளாக் பிஸ்டனுக்குக் கீழே துருப்பிடித்த பேரிங் வைத்து ஓட்டினால் உங்கள் காசு சத்தமாகக் கரையும்.

கேஸ் ஸ்க்ரூக்களை ஒரே பக்கமாகக் கழற்றாமல் குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். இரண்டு கேஸும் சேரும் முகத்தில் ஸ்க்ரூடிரைவர் விட்டுப் பிளக்கவே கூடாது. அங்கே ஒரு கீறல் விழுந்தால், எந்தப் பேஸ்ட் போட்டாலும் பி.பி. முள் இறங்கும். மரச் சுத்தியலால் சுற்றிலும் தட்டினால் வாய் திறக்கும். கியர் ஷாஃப்டும் ஃபோர்க்கும் ஒரு பக்கக் கேஸில் அப்படியே நிற்கும். கியர் நன்றாக விழுந்துகொண்டிருந்த வண்டி என்றால் அந்தக் கூட்டத்தைக் கலைக்காதீர்கள்.

இரண்டு வேலையை வீட்டில் செய்யக் கூடாது. கிராங்கில் ராடு கிட் ஏற்றுவது ஒன்று, பிளாக் போர் போடுவது இன்னொன்று. ஆர்எக்ஸ் கிராங்க் என்பது இரண்டு சக்கரங்களை ஒரு பின்னில் அழுத்தி ஏற்றியது. பிரிக்கவும் ஏற்றவும் ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். ஏற்றியபின் இரண்டு முனையும் ஒரே கோட்டில் ஓடுகிறதா என்று டயல் கேஜ் வைத்து சென்டர் பார்க்க வேண்டும். ஓட்டம் 0.03 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கோவையில் கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற லேத் பட்டறைகள் உண்டு, ஈரோட்டிலும் உண்டு. "டயலில் காட்டுங்கண்ணா" என்று கேளுங்கள். நல்ல கைக்காரர் சந்தோஷமாகக் காட்டுவார். கோபித்துக்கொள்கிறவரிடம் கிராங்கைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

போர் விஷயத்தில் வரிசை மாறக் கூடாது. முதலில் பிளாக்கைக் கொண்டுபோய் எந்த ஓவர்சைஸில் சுத்தமாகும் என்று அளந்து கேளுங்கள். கம்பெனியிலிருந்து வந்தபோது போர் 50 மி.மீ., அதற்கு மேல் 0.25, 0.50 என்று ஏறும். அந்த அளவு பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் போருக்குக் கொடுக்க வேண்டும். ஒரே அளவு எழுதிய பெட்டியிலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் நூலளவு வித்தியாசம் இருக்கும். அந்தப் பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடித்து, அதற்கு வேண்டிய இடைவெளி விட்டுத்தான் கடைசி ஹோனிங் (கல்லால் நுணுக்கமாகத் தேய்ப்பது) போட வேண்டும். இந்த அளவு பிஸ்டனுக்கு அந்த இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் நாலைந்து பங்குதான் வரும். பிஸ்டன் பெட்டியில் அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு. பிளாக்கை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு "நாளைக்கு வாங்க" என்கிற கடை வேண்டாம், "பிஸ்டன் எங்கே?" என்று கேட்கிற கடையில் கொடுங்கள்.

போர் போட்டு வந்த பிளாக்கின் போர்ட் ஓரங்களை விரலால் தடவிப் பாருங்கள். கத்தி மாதிரி கூராக இருந்தால் ரிங் அதில் மாட்டி உடையும். ஓரத்தை லேசாக மழுக்க வேண்டும். நிறைய லேத்தில் இதை மறந்துவிடுவார்கள், கேட்டால் அங்கேயே செய்து கொடுப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் பிளாக்கைச் சுடுதண்ணீரும் வாஷிங் பவுடரும் போட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். டீசலில் கழுவினால் ஹோனிங் தூள் போகாது. வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். வந்த கையோடு 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் தடவிவிடுங்கள், இல்லாவிட்டால் கண் முன்னாலேயே துரு பூக்கும்.

பேரிங் வாங்கும்போது பழையதின் பக்கவாட்டில் பொறித்திருக்கும் எண்ணை முழுசாக எழுதிக்கொண்டு போங்கள். கடைசியில் சி3 என்று இருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள். அது உள் இடைவெளியைக் குறிப்பது. பம்புக்கு வாங்குகிற சாதா பேரிங்கைப் பழக்கத்தில் வாங்கி வந்துவிடாதீர்கள். ஆர்எக்ஸுக்கு டூப்ளிகேட் சாமான் ஊர் முழுக்க இருக்கிறது. இந்தியாவில் இந்த வண்டி 1996-இலேயே நின்றுபோனது, ஆனால் கிராக்கி நிற்கவில்லை. "ஒரிஜினல் பழைய ஸ்டாக்" என்று சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். பட்ஜெட்டில் எதையாவது குறைக்க வேண்டுமென்றால் குரோம், ஸ்டிக்கரில் குறையுங்கள், சீலிலும் ராடு கிட்டிலும் வேண்டாம்.

இனி மாட்டுவது. கிராங்கைக் கேஸுக்குள் சுத்தியலால் அடித்து இறக்கினால், லேத்தில் காசு கொடுத்துப் பார்த்த சென்டர் அங்கேயே போய்விடும். கேஸை ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள். பேரிங் இருக்கும் இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் "சொய்ங்" என்று ஆவியாக வேண்டும். புது பேரிங்கையும், அது உட்கார்ந்தபின் கிராங்கையும், பாலிதீன் பையில் சுற்றி முன்னாலேயே ஃபிரீசரில் வைத்திருங்கள் (அம்மாவிடம் கேட்டுவிட்டு). சூடான கேஸில் குளிர்ந்த சாமான் தானாக உட்காரும், சில சமயம் லேசாக அழுத்தினால் போதும். சூடு ஆறியபின் சீல் போடுங்கள். ஸ்பிரிங் தெரிகிற உதடு கிராங்க்கேஸைப் பார்க்க வேண்டும். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவாமல் மாட்டினால் முதல் சுற்றிலேயே தேயும்.

பிஸ்டனில் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், அதாவது முன்பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கைப் பிஸ்டனில் போடும் முன் தனியாக பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 50 மி.மீ. போருக்கு 0.2 மி.மீ. சுற்றி இருந்தால் நல்லது. ரிங்கின் எழுத்து மேலே தெரிய வேண்டும், வாய் பிஸ்டனில் உள்ள குத்தூசியில் சரியாக உட்கார வேண்டும். பின் லாக் புதிதுதான் போட வேண்டும், பழையதைத் திருப்பிப் போடாதீர்கள். ஹெட் நட்டை மூன்று தடவையாக, குறுக்காக, மேனுவல் சொல்லும் டார்க்கில் இறுக்குங்கள். மாட்டியதும் மறுபடி பி.பி. மீட்டர்.

ஆயில் பம்பைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் புதிதாகச் செய்த என்ஜின் முதல் நாளே பிடிப்பது இதனால்தான். முதலில் பம்பு இன்னும் வேலையில் இருக்கிறதா, யாராவது கழற்றிவிட்டுப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டினார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள். பம்பு இருந்தால் அதன் குழாயில் காற்று அடைத்திருக்கும். பம்பில் உள்ள பிளீடிங் ஸ்க்ரூவைத் திறந்து, குமிழி இல்லாமல் ஆயில் வரும்வரை விட்டு மூட வேண்டும். அதற்கு மேலும் ஒரு பாதுகாப்பு: முதல் டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 20 மி.லி. 2டி ஆயில் கூடுதலாகக் கலந்துவிடுங்கள். புகை கொஞ்சம் வரும், வரட்டும். பம்பே இல்லாத வண்டி என்றால் லிட்டருக்கு 30-லிருந்து 40 மி.லி. கலக்க வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. இன்றைக்குப் பங்கில் வருவதில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. 1993-இல் இந்த வண்டியின் ரப்பர்களை யாரும் அதை நினைத்துச் செய்யவில்லை. பெட்ரோல் குழாய், கார்புரேட்டர் ரப்பர், டேப் வாஷர் எல்லாம் புதிதாகப் போடுங்கள். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை இன்னும் கொஞ்சம் மெலியும், அதனால் மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை) ஒரு படி ஏற்றவேண்டி வரலாம். கொஞ்ச தூரம் ஓட்டி பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரியும். வெளிர் காப்பி நிறம் என்றால் சரி, வெள்ளை வெளேர் என்றால் உடனே நிறுத்துங்கள். டேங்கின் உள்ளே துரு இருந்தால் அதைக் கழுவாமல் கார்புரேட்டரை மாட்டாதீர்கள்.

ஸ்டார்ட் ஆனதும் முறுக்கிப் பார்க்கிற ஆசை வரும். வேண்டாம். ஸ்லோவில் சில நிமிடம் ஓடவிட்டு, தொட்டால் சுடாத வரைக்கும் ஆறவிட்டு, மறுபடி ஓடவிடுங்கள். இப்படி மூன்று தடவை ஆனதும், குளிர்ந்த நிலையில் ஹெட் நட்டைச் சரிபாருங்கள். முதல் 500 கி.மீ. பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் வேண்டாம், ஒரே வேகத்திலும் வெகுநேரம் வேண்டாம். பின்னால் ஆள் வைத்துக்கொண்டு சென்னிமலை, சிவன்மலை ஏறுவதும் அதுவரை வேண்டாம்.

வால்பாறை 1,000 கி.மீ. ஓடியபின் போகலாம். ஏறும்போது என்ஜின் சூடானால் நிறுத்தி ஆறவிடுவீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து இறங்கும்போது. நாற்பது கொண்டை ஊசியும் ஆக்சிலேட்டரை மூடிக்கொண்டு என்ஜின் பிரேக்கில் இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆனால் பெட்ரோலும் அதோடு வரும் ஆயிலும் மிகக் குறைவாகத்தான் போகும். கலந்து ஓட்டுகிற வண்டியில் இது இன்னும் மோசம். இடையிடையே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகி விடுங்கள். வேகத்தை பிரேக்கால் கட்டுப்படுத்துங்கள். டிரம் பிரேக் என்பதால் ஷூவையும் போகும் முன்னால் பார்த்துவிடுங்கள்.

காகித வேலையும் இருக்கிறது. சொந்த வண்டிக்கு முதலில் 15 வருஷம், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருதரம் ஆர்.சி. புதுப்பிக்க வேண்டும். அந்தக் கணக்கில் உங்கள் வண்டிக்கு 2023-இலேயே தேதி முடிந்திருக்கும். இன்ஷூரன்ஸும் புகைச் சான்றும் எடுத்து, வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டிப் புதுப்பித்த பிறகே ரோட்டில் ஓட்டுங்கள். அங்கே கிராங்க்கேஸில் உள்ள என்ஜின் எண்ணைப் பார்ப்பார்கள். பாலிஷ் போடக் கொடுக்கும்போது அந்த இடத்தைத் தேய்க்க விடாதீர்கள். கேஸ் உடைந்திருந்தாலும் பழைய இரும்புக் கடையில் பேப்பர் இல்லாத ஆர்எக்ஸ் கேஸ் வாங்கி மாட்டாதீர்கள். திருட்டு வண்டியின் எண்ணாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியது உங்கள் அப்பா.

எவ்வளவு ஆகும் என்ற கேள்விக்கு அளவெடுக்கும் முன் ஒரு தொகை சொன்னால் அது பொய். பெரிய செலவு எதுவென்று சொல்ல முடியும்: கிராங்க் வேலை முதலில், பிளாக் பிஸ்டன் அடுத்தது, பேரிங்கும் சீலும் மூன்றாவது. கிளட்ச் பிளேட், கார்புரேட்டர் கிட், ரப்பர் சாமான் எல்லாம் சேர்ந்து நாலாவதாக ஒரு தொகை வரும். அதை யாரும் முதலில் கணக்கில் எடுப்பதில்லை. நான்கையும் கடையில் விசாரித்துக் கூட்டி, கையில் பணம் சேர்ந்தபின் பிரியுங்கள். பாதியில் நின்ற என்ஜின் சாமான் முட்டை அட்டையில் இருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போகும்.

பி.பி. மீட்டரில் முள் எவ்வளவு நேரத்தில் எங்கே இறங்கியது, குமிழி எங்கே வந்தது என்று எழுதி அனுப்புங்கள். பழைய பிஸ்டனை நாலு பக்கமும் வெளிச்சத்தில் படம் எடுத்து அதோடு அனுப்புங்கள். பிளாக்கைப் போருக்குக் கொடுக்கும் முன்னால் அனுப்பினால்தான் நான் ஏதாவது சொல்லி உங்களுக்குப் பிரயோஜனம்.